மதினிக்கு, சொதி பற்றி

மதினி,

இங்கே எழுதியிருந்த சொதிக் குறிப்பை, அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி. அந்தப் பதிவு இனி இங்கே கிடையாது. மாஞ்சோலைக்குப் போனதையும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததையும் எவ்வளவு மெனக்கெட்டு எழுதினேன், அதையெல்லாம் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். சொதிக்குத்தான் ஊரே வந்தது. தேடி வருகிறவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

அடுத்த மாதம் வீட்டில் ஒரு விசேஷம். உங்கள் காதுக்கு வந்திருக்கும். முறைப்படி கல்யாணத்துக்கு மறுநாள் சொதி பெண் வீட்டில்தான் வைக்க வேண்டும், ஆனால் இந்தத் தடவை எல்லாமே சுருக்கம், இங்கேயே ஆக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. உடனே பெரியம்மா, "இவதான் சொதியில பேர் வாங்குனவளாச்சே, இவளே வைக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் இதை எழுத மாட்டேன், இங்கே யார் யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் வைக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"எங்கள் வீட்டுச் சொதி" என்று தலைப்புப் போட்டிருந்தேன். எங்கள் வீடாம். அம்பையில் அத்தை வைத்தது, நீங்கள் கொண்டு வந்தது, அதற்கு முன்னால் எங்கள் அடுப்படியில் அப்படி ஒரு சொதி யாருக்கும் வந்ததில்லை. உங்கள் பேரை ஏன் விட்டேன் என்றால், நீங்கள் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது, உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். பேரைப் போட்டால் வீட்டில் ரகளை, போடாவிட்டால் உங்களுக்கு வருத்தம், பக்கத்தில் இருந்த ரகளைக்குத்தான் பயந்தேன். சரி இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாதா?

எழுதியதும் அரைகுறை. முதல் பாலை ஊற்றினபிறகு கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், எலுமிச்சை அதற்கும் அப்புறம்தான் என்று என் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லித் தந்தீர்கள். அதைப் போய் விட்டுவிட்டேன். வெளியூரில் இருக்கும் தோழி ஒருத்தி படித்துவிட்டு வைத்து, பால் திரிந்து, மொத்தத்தையும் கொட்டினாள். தேங்காய்ப்பால் மந்தம், அதனால்தான் இஞ்சித் துவையல் என்று பெரிய வைத்தியர் மாதிரி ஒரு பத்தி மட்டும் எழுதத் தெரிந்தது எனக்கு.

சொதிகூடப் போகட்டும். கூந்தன்குளம்.

2017 ஏப்ரல். மூலைக்கரைப்பட்டி வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. உங்கள் மடியில் பாளையங்கோட்டை நூலகத்தில் எடுத்த பறவைப் புத்தகம், என் மடியில் உளுந்தஞ்சோற்றுச் சம்படம், சூடு தொடையில் சுட்டுக்கொண்டே வந்தது. வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினோம், அது அதற்குள் இமயத்தைத் தாண்டப் போயிருந்தது. குளத்தைவிட ஊர்தான் நன்றாக இருந்தது. வீட்டு வாசல் மரத்தில் எல்லாம் கூடு, தெருவெல்லாம் எச்சம், அந்த வாடை. தீபாவளிக்குக்கூட இங்கே வெடி போடுவதில்லை என்று திண்ணையில் இருந்த பாட்டி சொன்னாள்.

ஒரு புளியமரத்தடியில் நின்றோம். தலைக்கு மேலே மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, ரெண்டு சிறகையும் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. வால் பக்கம் அந்த ரோஸ் கலர் இறகு. அதன் நிழலுக்குள் மூன்று குஞ்சு. குஞ்சுகள்தான் கத்திக்கொண்டிருந்தன, பெரியதுக்குச் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வந்து இறங்கியது, ரெண்டும் அலகைத் தட்டிக்கொண்டன, வந்தது சிறகை விரித்தது, நின்றது பறந்து போனது. நீங்கள் அண்ணாந்தபடியே சொன்னீர்கள், "ஏட்டி, ரெண்டும் மாத்தி மாத்தி நிக்கு பாத்தியா. ஒண்ணை மட்டும் வெயில்ல காய விடலை."

நான் என்ன செய்தேன்? நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் அதையே என் வரியாகக் கட்டுரையில் போட்டேன். படித்தவர்கள் அந்த வரியைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சின்னப் பெண் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். விளங்கியது மதினி. மரத்தடியிலேயே விளங்கியது. "என்ன மதினி, வீட்டில் ஏதாவது..." என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் யார் பக்கம் நிற்பது? அதனால் "சாப்பிடுவோமா, பசிக்கு" என்றேன். சம்படத்தைத் திறந்து எனக்கு முதலில் எள்ளுத் துவையல் வைத்தீர்கள்.

ஆனால் நீங்களும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் குறுக்குத்துறைக் கோயில் மூழ்கி, ஜங்ஷனில் தண்ணீர் நின்றபோதும் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் விசாரித்தீர்கள், பக்கத்தில் நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு ஒரு மெசேஜ் உண்டா? அவர்கள் உங்களைப் பேசின பேச்சுக்கு நடுவில் வாயே திறக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். அது பெரிய காரியமில்லை என்று தெரிகிறது. இருந்தாலும். அதற்கு முந்தின வருஷம் கூந்தன்குளம் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்ததும் உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், நீங்கள் மாற்றியிருப்பீர்கள் என்று நானே முடிவு செய்து வைத்துவிட்டேன்.

இதிலும் உங்கள் பேர் இல்லை, கவனித்திருப்பீர்கள். இந்தத் தடவை உங்களுக்காகத்தான், பயத்தில் இல்லை. கொஞ்சம் பயமும்தான்.

அப்புறம், உங்கள் சீர்ப் பாத்திரங்களை எண்ணி எடுத்துக்கொண்டு போனபோது ஒரு சம்படம் குறைகிறது என்று அத்தை சொன்னார்களாமே. என்னிடம்தான் இருக்கிறது. மூடியில் புள்ளி புள்ளியாக உங்கள் பேர் வெட்டியது, தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்து மட்டும் மங்கிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் தேடினார்கள். என் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது, நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.