ஆயா கூப்பிட்ட பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லப் பணியாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வகுப்பு நடக்கட்டும். ஆனால் வகுப்பில் கிடைக்காத சங்கதி ஒன்று இருக்கிறது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து இருபத்துநாலு வருஷமாகிறது. சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் சிலர் எங்களிடம் இருக்கிறார்கள். பிள்ளைகளோடும் பேரன்களோடும் இங்கிலீஷே பேசிப் பழகியவர்கள்தான். மறதி நோய் முற்றினால் அது முதலில் போய்விடுகிறது. அம்மா மடியில் கேட்ட தமிழ் கடைசிவரை தங்குகிறது. பார்த்துக்கொள்ளும் பெண்களோ பெரும்பாலும் இந்த ஊர் ஆப்பிரிக்க மொழியான ஜூலு பேசுகிறவர்கள்.

தொண்ணூறு தாண்டிய ஒரு ஆயா. (பாட்டியை இங்கே ஆயா என்பது வழக்கம், ஜூலுப் பெண்களுக்கு அவர் கோகோ.) நான் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால், ஆயாவுக்கு டயப்பர் கட்டியிருக்கிறது, இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். நோட்டில், 'பகலில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், அமைதியில்லை' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு" என்றார்.

அதுதான் அந்தப் பெயர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நைட் டியூட்டிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அது எனக்குத் தெரியுமே! கோகோ அப்படிச் சொன்னால் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவேன், அப்புறம் தூங்கிவிடுவார்" என்றாள். ஒரு தமிழ் வார்த்தையும் தெரியாதவள், பழகிப் பழகியே கண்டுபிடித்திருக்கிறாள்! ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றாள். காலை ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது சிஸ்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் இவள் பெட்பேன் கழுவிக்கொண்டிருப்பாள். ராத்திரி நனையாத படுக்கை பகலில் மட்டும் ஏன் நனைகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது டியூட்டி மாறும்போது கட்டிலோரம் பத்து நிமிஷம் நிற்கிறோம். உதவியாளர்கள் முதலில் பேசுவார்கள், சிஸ்டர் அப்புறம். "இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆள் குறைந்த நாளில் அது நியாயம்தான். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். தண்ணி என்றால் ஜூலுவில் அமான்சி, வலி என்றால் உபுஹ்லுங்கு, இப்படிப் பத்துப் பதினைந்து வார்த்தை. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார், எதற்குப் பயப்படுவார் என்பதும் அதில் உண்டு. இங்கிலாந்தில் அல்சைமர்ஸ் சொசைட்டி 'இது நான்' என்று இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. எங்களுடையது கையெழுத்துத்தான். ஒன்று மட்டும்: தேதி போட வேண்டும். ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகும் தாளில் 'டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை' என்றே இருந்தது, நாங்களும் போட்டுக்கொண்டே இருந்தோம்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் இந்த நாட்டில் கௌடெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமேனி மனநல விடுதிகளில் இருந்தவர்களை அவசர அவசரமாக வேறு வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் செத்துப்போனார்கள். முறையான உரிமம் இல்லாத இடங்கள், பட்டினி, குளிர் என்று காரணங்கள் பல. பலரோடு அவர்களுடைய மருத்துவக் குறிப்புகள்கூடப் போகவில்லை. வாங்கிக்கொண்டவர்களுக்கு, வந்திருப்பவருக்கு வலிப்பு உண்டா, என்ன மாத்திரை என்று எப்படித் தெரியும்?

உங்கள் ஊரிலும் இப்போது இதே கதைதான். சென்னையில் அண்ணன் வீட்டில் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். போன மாதம் அண்ணனிடம் சொல்லி ஒரு தாள் எழுத வைத்தேன். இந்தி தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் அதை இந்தியில் எழுதிக் கொடுத்தான். 'ஒண்ணுக்கு' முதல் வரி. கடைசி இரண்டு வரியை அந்தப் பெண்ணே சொல்லிச் சேர்த்திருக்கிறாள்: அம்மா சாயங்காலம் இடது காதைப் பிடித்துக்கொண்டால் பல்வலி, சாதத்தைத் தள்ளினால் பசியில்லை என்று அர்த்தமில்லை, மோர் வேண்டும். இந்த இரண்டும் அண்ணனுக்கே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.