காய்ந்த காட்டருகே பட்டாசு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்க இன்னும் பத்து நாட்களே உள்ள நிலையில், நம் விளையாட்டுத் திடலின் பின்வேலிக்கு அப்பால் உள்ள காட்டோரத்தில், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்புக் கம்பிகள் ஏழையும் ஒரு ராக்கெட்டின் குச்சியையும் கடந்த வாரம் நம் தோட்டப் பணியாளர் கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்தார். அவருடன் சென்று அந்த இடத்தைப் பார்த்தேன். கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு மண்டிக் கிடந்தது. அதில் இரண்டு இடங்கள் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தன. அன்று மாலை காற்று வீசாததாலேயே அவை தாமாக அணைந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வகுப்புகளில் விசாரித்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூவர் தாங்களே எழுந்து ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அவர்கள் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன பதில் இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "தடை செய்த வெடி எதுவும் இல்லை சார், கடையில் எல்லோருக்கும் விற்கிறதுதான்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் நினைக்கிறோம் என்பதால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

பட்டாசு பற்றிய சட்டம், கையில் இருக்கும் பொருளைப் பற்றியது மட்டுமன்று. கொளுத்தப்படும் இடமும் கொளுத்தப்படும் நாளும் அதில் சமமாக அடங்கும். கடைக்காரர் ஒரு பொருளை விற்கிறார் என்றால் அந்தப் பொருளை விற்க அவருக்கு அனுமதி உண்டு என்பது மட்டுமே அதன் பொருள். இந்த இடத்தில், இன்றைய காற்றில், இன்றைய வறட்சியில் அதைக் கொளுத்தலாம் என்று அவர் உங்களுக்கு அனுமதி தரவில்லை, தரவும் முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வானில் பறக்கும், வெடிக்கும், தரையில் ஆறடிக்கு மேல் ஓடும், அல்லது 12 அங்குலத்துக்கு மேல் எழும்பும் எந்த வாணத்தையும் உரிமம் இல்லாமல் கொளுத்தக் கூடாது. கொலம்பியா ஆற்றைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்துக்குள் போனால், அங்கே வானில் ஏறும் வாணங்களும் விற்பனைக்கு உண்டு. அக்கரையில் காசு கொடுத்து முறையாக வாங்கியது இக்கரையில் குற்றமாகிறது. அந்நாட்டின் தேசியக் காடுகளிலோ மாநில எல்லை என்ற பேச்சே இல்லை. மழைக்காலமானாலும் கோடையானாலும் பட்டாசைக் கொளுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தண்டனைக்குரியது.

இணையத்தில் வாங்குவது இந்தக் குழப்பத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கிறது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகர உயிரியல் பூங்காவில் 2020 புத்தாண்டு இரவில் குரங்குகளின் கூடம் எரிந்து, முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. தீயை மூட்டியது பறக்கும் காகித விளக்கு. அந்த மாநிலத்தில் அவ்விளக்குகள் 2009 முதலே தடை செய்யப்பட்டவை. செய்தி கேட்டுத் தாமாகக் காவல் நிலையத்துக்கு வந்த ஒரு தாயும் இரண்டு மகள்களும், இணையத்தில் வாங்கக் கிடைத்ததால் அனுமதிக்கப்பட்டது என்றே நினைத்தோம் என்றார்கள். நம் மாணவர்கள் மூவரும் சொன்னதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அது காட்டில் நடந்ததன்று. ஆயினும் எரியும் விளக்கைக் காற்றின் கையில் ஒப்படைத்துவிட்டால் அது எங்கே இறங்கும் என்பதை ஏவியவர் முடிவு செய்ய இயலாது என்பது காட்டுக்கும் பொருந்தும்.

உங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசும்படி நான் வேண்டிக்கொள்ளும் நிகழ்வு ஒன்று உண்டு. 2017 செப்டம்பர் 2 அன்று, ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஈகிள் கிரீக் மலைப்பாதையில், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொளுத்திய வாணத்தை நண்பர்கள் பார்த்திருக்கக் கீழே பள்ளத்துக்குள் வீசினான். மாதக்கணக்கில் மழை காணாத கோடை அது. அவன் வீசிய இடத்துக்கு அப்பால் அருவியில் குளித்துக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்த சுமார் 150 பேர் திரும்பும் வழி அடைபட்டு, இரவு முழுவதும் காட்டிலேயே தங்கி, மறுநாள் மலையின் மறுபக்கமாகப் பல மைல் நடந்து வெளியேறினார்கள். இரண்டொரு நாளில் கங்குகள் அகன்ற கொலம்பியா ஆற்றையே தாண்டிப் பறந்து எதிர்க்கரைக் காட்டையும் பற்றவைத்தன. பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை மூடப்பட்டது. ஊர்கள் காலி செய்யப்பட்டன. தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது நவம்பர் 30 அன்று. அதற்குள் ஏறத்தாழ 50,000 ஏக்கர் எரிந்து போயிருந்தது. அடுத்த ஆண்டு மே மாத இறுதியிலும், ஒரு குளிர்காலத்துப் பனியும் மழையும் கடந்த பிறகும், அந்தக் காட்டில் ஓரிடத்தில் புகை எழுந்ததைக் கண்டார்கள்.

அந்தச் சிறுவனுக்கு நீதிமன்றம் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், வனத்துறையில் 1,920 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்கள் எழுதச் சொன்னது. 2018 மே மாதத்தில் 3.6 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீட்டுக்கு அவன் பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது. அதைத் தவணைகளில் செலுத்தலாம், நிபந்தனைகளை முறையாக நிறைவேற்றினால் பத்தாண்டுகளுக்குப் பின் மீதியை நிறுத்திவைக்கலாம் என்று நீதிபதி வழிவிட்டார். அந்தத் தொகையைப் படிக்கும்போதெல்லாம் ஓர் ஆசிரியனாக என் மனத்தில் எழுவது அந்தப் பையனின் முகம்தான். அவன் காட்டை எரிக்க வந்தவன் அல்லன். நண்பர்கள் நடுவே ஒரு நொடி வேடிக்கைக்காகக் கையை வீசியவன். அதே வயதில் நம் பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் படிக்கிறார்கள். அவர்களுள் எவருக்கும் அந்த ஒரு நொடி வரக் கூடாது என்று நான் அஞ்சுகிறேன். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு: பிள்ளைகள் பட்டாசால் விளைவிக்கும் சேதத்துக்குப் பெற்றோரே பொறுப்பு என்று ஓரிகன் தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. மற்ற இடங்களில் சட்டத்தின் சொற்கள் வேறாக இருக்கலாம், ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயருக்கு வரும் கடிதம் பெற்றோரின் வீட்டுக்குத்தான் வரும்.

இவ்வளவு சிறிய பொறி எப்படி இவ்வளவு பெரிய தீயாகிறது என்று மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். நல்ல கேள்வி, அறிவியல் ஆசிரியர் அடுத்த வாரம் இதையே பாடமாக எடுக்கவிருக்கிறார். சிறு குழந்தைகள் கையில் தயங்காமல் கொடுக்கும் கம்பி மத்தாப்பு சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. காய்ந்த புல்லும் சருகும் பற்றிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். எனவே எந்தப் பட்டாசு "சாது" என்று தேடுவதில் பயனில்லை. சத்தமில்லாத, பறக்காத மத்தாப்பின் கம்பியும் எரிந்து முடிந்த பின் கீழே போடப்பட்டால் சருகைப் பற்றவைக்கும்.

"போன வாரம்தானே மழை பெய்தது" என்பது நான் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பருத்த மரக்கட்டைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். புல்லின் தாளும் சருகும் ஊசியிலைகளும் அப்படியல்ல. அவை மெல்லியவை என்பதால் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு மணி நேர அளவிலேயே தங்கள் ஈரத்தை இழந்துவிடும். காலையில் பனியில் நனைந்து கிடந்த புல் பிற்பகலில் பொறிக்குக் காத்திருக்கும். தீ முதலில் பிடிப்பது இவற்றைத்தான். அதன் மேல் காற்றும் சேர்ந்தால் தீ சாய்ந்து முன்னாலுள்ள புல்லையும் சூடாக்கிக்கொண்டே நகரும். சரிவில் ஏறும்போதும் அதுவே நடக்கிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் கணக்கு. நம் பள்ளிக்குப் பின்னால் நிலம் மேல்நோக்கிச் சரிந்திருப்பதையும், மேலே வீடுகள் இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. சருகின் அடியில் மக்கிக் கிடக்கும் இலைப்படுகை சுடர் விடாமல் கங்காகவே மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், கனன்றுகொண்டிருக்கும். "காலால் மிதித்து அணைத்துவிட்டோம்" என்று நம் மாணவர்கள் சொன்னபோது நான் அன்றே தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் தந்தேன். அவர்கள் வந்து அந்த இடத்தைக் கிளறி நீர் ஊற்றிய பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

வண்ணப் புகை மட்டும் விடும் குப்பிகளைக் குறித்தும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவை பட்டாசே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 2020 செப்டம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் யுகைபா அருகே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை அறிவிக்க ஒரு குடும்பம் வறண்ட உயரமான புல்வெளியில் அத்தகைய புகைக்குப்பியைப் பற்றவைத்தது. புல் பற்றியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களைக் கொண்டு அணைக்க முயன்றும் முடியவில்லை. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயை எதிர்த்துப் போராடிய வீரர் ஒருவர் உயிரிழந்தார். 2024-இல் அந்தத் தந்தை, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு நல்ல செய்தியைச் சுற்றத்தாரோடு பகிர வந்த குடும்பம் அது.

நம் பள்ளியும் இதில் குறையற்றதன்று என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவை வாணவேடிக்கையுடன் நிறைவு செய்தோம். முறையான உரிமம் பெற்றிருந்தோம். தேர்ந்த பணியாளர்களே கொளுத்தினார்கள். ஆனால் அன்று மாலை காற்று திசை மாறியதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. எரிந்த உறை ஒன்று திடலின் ஓரப் புல்லில் விழ, நம் தோட்டப் பணியாளர் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி அதை அணைத்தார். அந்த மாலையில் பொறுப்பிலிருந்தவன் நான். கையிலிருந்த உரிமத்தாள் காற்றைத் தடுக்கவில்லை. அதனால் இவ்வாண்டு முதல் பள்ளி வளாகத்தில் எந்த விழாவுக்கும் வாணவேடிக்கை கிடையாது என்று ஆசிரியர் குழு முடிவு செய்துள்ளது.

விடுமுறை நாட்களில் நீங்கள் செய்யவேண்டுமென நான் கேட்டுக்கொள்வது இதுதான். காட்டுக்கோ, காய்ந்த புல்வெளிக்கோ, தோப்புக்கோ அருகில் எந்த வகைப் பட்டாசையும், மத்தாப்பையும், பறக்கும் விளக்கையும், புகைக்குப்பியையும் கொளுத்த வேண்டாம். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். அனுமதிக்கப்பட்ட வேறோர் இடத்துக்குச் செல்வதானாலும், கிளம்பும் முன் அன்றைய தீ அபாய அறிவிப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் செங்கொடி எச்சரிக்கை, ஆஸ்திரேலியாவில் முழுத் தீத்தடை என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். அப்படியோர் அறிவிப்பு நடப்பிலிருந்தால் வாங்கிவைத்தது வீணாகிறதே என்று எண்ணாமல் கைவிட்டுவிடுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, வெறுந்தரையில், அருகில் வாளி நிறைய நீர் வைத்துக் கொளுத்துங்கள். எரிந்த கம்பிகளையும் உறைகளையும் ஓர் இரவு நீரில் ஊறவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

புத்தகப் பையில் பட்டாசு கொண்டுவருவதைப் பள்ளி ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. இனி அப்படிக் கிடைப்பதை ஆசிரியர் அறையில் வைத்திருந்து மாலையில் திருப்பித் தரும் வழக்கம் இருக்காது. பெற்றோரை வரவழைத்து அவர்கள் முன்னிலையில் தீயணைப்பு நிலையத்திடம் ஒப்படைப்போம். ஒப்புக்கொண்ட மூன்று மாணவர்களையும் நான் வகுப்பிலிருந்து விலக்கவில்லை. அவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன், வேலியோரச் சருகை அள்ளி அகலமான வெறுந்தரைப் பட்டை அமைக்கும் பணியில் தோட்டப் பணியாளருக்கு மூன்று சனிக்கிழமைகள் உதவுகிறார்கள். வர விரும்பும் பெற்றோர்களும் காலை ஏழு மணிக்கு வரலாம். மண்வாரியும் கையுறைகளும் பள்ளியில் உண்டு.

வேறெங்கேனும் புகையோ கங்கோ கண்டால் "யார் கொளுத்தியது" என்ற கேள்விக்கு அஞ்சி எந்தப் பிள்ளையும் ஒளிய வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு உடனே தகவல் சொல்லும் மாணவரைப் பள்ளி தண்டிக்காது. இதற்கு நான் உறுதியளிக்கிறேன். இணைப்பிலுள்ள ஒப்புதல் தாளைப் பிள்ளையுடன் சேர்ந்து படித்து, இருவரும் கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்