கனவில் குடித்தால் குடித்ததாகுமா?

திண்டுக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. இங்கே பெரியவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. மற்ற சேதியெல்லாம் இருக்கட்டும், நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த கனவுக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டு மாடியில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து குடித்தாய். அந்த நெடிகூட மூக்கில் ஏறியது. விழித்ததும், குடியை விடுவதற்கான டைசல்ஃபிரம் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்துவிட்டோமே என்று நெஞ்சு படபடத்தது. இருட்டிலேயே எழுந்து சட்டையை மோந்து பார்த்தாய். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளுக்குள் நீ இன்னும் விடவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி என்று எழுதியிருக்கிறாய்.

இல்லைடா.

முதலில் மாத்திரை விஷயம். ஆல்கஹால் உடம்பில் உடையும்போது அசிடால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மேற்கொண்டு உடையவிடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. முகம் சிவப்பதும் வாந்தியும் படபடப்பும் அப்படித்தான் வருகின்றன. உள்ளே ஒரு சொட்டும் போகாதபோது அந்த மாத்திரைக்கு என்ன வேலை? பயத்தில் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பகலிலும் படபடப்பு வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடு.

இனி கனவு. நமக்குத் தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது, மூடிய இமைக்குள் கண் வேகமாக அசைகிற உறக்க நேரத்தில். இதை 1953-இல் சிகாகோவில் கண்டுபிடித்து எழுதினார்கள். பெரியவர்களின் தூக்கத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான். சரக்கு உள்ளே போனால் முன்னிரவில் இந்த உறக்கம் அமுங்கிவிடும். வருஷக்கணக்காகக் குடித்தவன் நிறுத்தும்போது, மூளை பழைய பாக்கியை வட்டியோடு வசூலிக்கிறது. கனவுகள் அதிகமாகவும் அழுத்தமாகவும் வருகின்றன. தூக்கமும் துண்டு துண்டாக இருப்பதால் நடுவில் விழித்துக்கொள்கிறாய், கனவும் அப்படியே நினைவில் நிற்கிறது. சில பேருக்கு இது மாதக்கணக்கில் நீளும். உன் உடம்பு சரியாகிக்கொண்டு வருவதில் இதுவும் ஒரு பகுதி.

நினைப்புதான் கனவாகும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. இத்தனை வருஷம் சாயங்காலம் ஆனால் சரக்கு என்று பழகிய மூளை, அந்தக் காட்சியைத்தான் எடுத்துப் போடும். அது பழக்கத்தின் தடம், அதை உன் விருப்பமாக எடுத்துக்கொள்ளாதே. போதையை விட்டவர்களிடம் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தங்களுக்கும் இப்படிக் கனவு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். விட்டு வருஷங்கள் ஆக ஆக இந்தக் கனவு குறைந்துகொண்டு போவதும் அதில் தெரிந்தது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற எங்கள் ஏ.ஏ. கூட்டத்தில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் இருக்கிறார், விட்டுப் பல வருஷம் ஆகிறது. எப்போதாவது அவருக்கும் வருமாம். எனக்கும் ஆரம்பத்தில் நிறைய வந்தது. இப்போது பெரும்பாலும் கனவிலேயே கிளாஸைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

எனக்குக் கவலையெல்லாம் கனவு முடிந்த பிறகு வருகிற காலையைப் பற்றித்தான். குற்ற உணர்ச்சியோடு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் நாள் முழுக்க அதைச் சுமக்கும்போது, 'அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன' என்று ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் ஆளைக் கடைவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் தங்கச்சியிடம் இன்றைக்கே சொல். அவள் பயப்படுவாள் என்று நினைக்கிறாய். நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எதையோ மறைப்பதைப் பார்த்தால்தான் அவளுக்கு நிஜமான பயம் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழித்ததும் 'அப்பாடா, கனவுதான்' என்று தோன்றினால் சந்தோஷப்படு, விட்டதை நீ மதிக்கிறாய் என்று அர்த்தம். சில நாள் 'அட, கனவுதானா' என்று ஏமாற்றமாகவும் இருக்கும். அது பாவமில்லை, ஆனால் அன்றைக்கு ஜாக்கிரதையாக இரு. வேளைக்குச் சாப்பிடு, மில்லில் ஓவர்டைம் வேண்டாம், கடை இருக்கிற தெரு வழியாக வராதே, யாரோடும் சண்டையை வளர்க்காதே. பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலும்தான் நம்மைப் போன்றவர்களைக் கவிழ்ப்பவை. என்னை எந்த நேரமும் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416-க்குப் போடு, அது டெலி மானஸ் என்ற அரசாங்கத்தின் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தூக்க மாத்திரை ஏதாவது மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா என்று எழுதியிருந்தாயே, கண்டிப்பாகக் கூடாது. அவற்றில் பல, ஆல்கஹால் பிடிக்கிற அதே இடத்தைத்தான் மூளையில் பிடிக்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடு.

ஆவணியில் நம்ம செட்டில் கடைசிக் கல்யாணம் வருகிறதே, போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். போவோம், ஆனால் லாட்ஜில் தங்க வேண்டாம். நீயும் தங்கச்சியும் முதல் நாளே இங்கே வந்துவிடுங்கள். காலையில் முகூர்த்தத்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, மாடிக் கச்சேரி கூடுவதற்கு முன்னால் கிளம்பிவிடலாம். யாராவது வற்புறுத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது. மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துவா.

உன் மச்சான்