பாசிக் குழாயை நம்பி ஜன்னலை மூடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வீட்டு அலங்காரப் பகுதியில், ஹாலில் பச்சைப் பாசி நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களை நிறுத்தியிருந்த ஒரு வீட்டின் படத்தைப் போட்டு, "இனி ஜன்னலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டுப் பிழைப்பு நடந்ததே அந்த நுண்ணுயிரிகளால்தான், அவற்றின் மேல் மரியாதை இருப்பதால்தான் இந்தக் கோபம். கரண்ட் போய்த் தொட்டிக்குக் காற்று அனுப்பும் ப்ளோயர் சில மணி நேரம் நின்றாலே அவை மூச்சுத் திணறி நாற்றம் கிளம்பிவிடும், அப்புறம் சாணத்தைக் கரைத்து ஊற்றி, யூரியா போட்டு, ராத்திரி ஷிப்டில் கண் விழித்துத்தான் அவற்றை மீட்போம். உயிருள்ள ஒன்றை வீட்டுக்குள் வைத்தால் தீனி, வெளிச்சம், சுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. குழாய் விற்பவரின் பேட்டிக்கு மட்டும் அரைப் பக்கம்.

சரி, கணக்காவது போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு ஆள் ஒரு நாளில் மூச்சாக விடுவது ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உலர்ந்த எடையில் 1 கிலோ பாசி வளர்ந்தால் சுமார் 1.8 கிலோவை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஒருவருக்கே தினமும் அரைக் கிலோவுக்கு மேல் பாசி வளர்ந்தாக வேண்டும், 1 லிட்டர் நீரில் நாளுக்கு 1 கிராம் என்பதே நல்ல விளைச்சல். ஆளுக்கொரு மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை ஹாலில் வைப்பீர்களா? செர்பியாவின் பெல்கிரேடில் 2021-இல் வைத்த 'திரவ மரத்தை' உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அது 600 லிட்டர் பாசி நீர்த் தொட்டி, அதுவும் தெருவோரம் நிற்பது.

இது முதல் தடவையும் இல்லை. மணி பிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகிவிடும், நாசாவே சொல்லிவிட்டது என்று எத்தனை பொங்கல் மலர்களில் போட்டாயிற்று! 1989-இல் வந்த அந்த ஆய்வு மூடிய சிறு அறைகளுக்குள் நடந்தது என்பதும், வேரடி மண்ணின் நுண்ணுயிரிகளுக்கு அதில் பெரிய பங்கு இருந்தது என்பதும் தாங்கள் அறியாததல்ல. 2019-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்றார்கள். அதைக் குறிப்பிட்டு நான் அனுப்பிய கடிதத்தை நீங்கள் போடவேயில்லை.

நுண்ணுயிரிகளால் ஆகாது என்று சொல்லவில்லை. டொராண்டோவில் குவெல்ஃப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நான்கு மாடி உயரத்துக்குச் செடிச் சுவர் இருக்கிறது, விசிறி வைத்து அறைக் காற்றை வேர்களின் நடுவே இழுக்கிறார்கள், அங்கே வாழும் பாக்டீரியா ஃபார்மால்டிஹைடு (புது பிளைவுட் போன்றவற்றிலிருந்து கசியும் நச்சு வாயு) போன்றவற்றைச் சிதைக்கிறது. அது ஆள் வைத்துப் பராமரிக்கிற ஏற்பாடு.

என் மகள் வீட்டுப் படுக்கையறையில் அலங்காரக்காரர் ஒருவர் இதே பேச்சைப் பேசிச் செடிச் சுவரை மாட்டிவிட்டுப் போனார். அடுத்தாற்போல் புது பிளைவுட் அலமாரி, ராத்திரி முழுக்க ஏசி. மழைக்காலத்தில் பின்சுவர் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடித்தது, பேரனுக்கு மூச்சிழுப்பு வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே ஜன்னலைத் திறக்கிறீர்களா என்றுதான். இப்போது உங்கள் பத்திரிகை திறக்காதே என்கிறது. இத்தனை வருடம் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவனுக்கு இதைவிட வேறு என்ன வருத்தம் வேண்டும்?

அடுத்த இதழில் அதே பக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், சுவர் ஈரத்தை உடனே சரிசெய்யுங்கள். காசு வாங்கிப் போட்ட பக்கமாக இருந்தால் மேலே 'விளம்பரம்' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ராணிப்பேட்டை