கோபப்படு, நியாயம்தான்

காரைக்குடி,
புதன்கிழமை

அன்புள்ள சொக்கு,

வள்ளி நிச்சயத்துக்கு நான் வரவில்லை என்று கொதித்துக்கொண்டிருக்கிறாயாம், முத்து சொன்னான். கோபப்படு, நியாயம்தான். நீ தேதி சொல்வதற்கு மூன்று வாரம் முன்பே டிக்கெட் போட்டுவிட்டேன். மலிவு டிக்கெட்டில் தேதியை நகர்த்தப் போனால் புது டிக்கெட் விலை கேட்பான். மலிவாகக் கிடைக்கிற ஊருக்குக் கிளம்புகிற என் பிழைப்பில் இது ஒன்றுதான் பெரிய ஓட்டை.

"ரிட்டையர் ஆனவருக்கு ஊர் சுற்ற ஏது இவ்வளவு காசு?" என்று உன் வீட்டு ஆச்சி கேட்டார்களாம். காசு இல்லாததால்தான் இப்படிச் சுற்ற முடிகிறது! நீ பத்து வருடமாக சுவிட்சர்லாந்து, அதுவும் பேரன் லீவில் மே மாதம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாய். மே மாதத்தில் ஊரே கிளம்பினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? நான் ஊரை முடிவு செய்வதே இல்லை. விமான டிக்கெட் விலை தேடும் ஸ்கைஸ்கேனர் தளத்தில் புறப்படும் இடம் திருச்சி என்று போட்டு, போகிற இடத்தில் 'எங்கு வேண்டுமானாலும்' என்று விட்டுவிடுவேன். செவ்வாய், புதனாகப் பார்ப்பேன். எது கீழே கிடக்கிறதோ அதுதான் ஊர்.

ரயிலிலும் அப்படித்தான். முதியோர் சலுகை 2020-இல் போயே போச்சு. முன்பதிவும் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. போன வருடம் காசிக்கு இடமில்லை, பெங்களூர் வழியாக ஹூப்ளிக்கு இருந்தது. சரி என்று ஏறி பாதாமி பார்த்தேன். நம்ம வாதாபிதான்டா! நரசிம்மவர்மன் பிடித்தது 642. நீ 1642 என்று எழுதி சரித்திர வாத்தியாரிடம் வாங்கியது நினைவு வந்து, குகைக்குள்ளே தனியாகச் சிரித்தேன்.

இந்த முறை ஆசை பாலி. விலையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. கோலாலம்பூர் அதில் பாதிகூட இல்லை, நமக்கு இப்போது விசாவும் வேண்டாம். ஆனால் கைப்பை ஏழு கிலோதான். என் வீட்டு ஆச்சி வைத்த தேன்குழல் டின்னே ஒன்றரைக் கிலோ. அதை விட மனமில்லாமல் இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். வேர்த்ததைப் பார்த்து விமான கவுண்டரில் இருந்த பெண், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டது.

கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்துப் பினாங்கு போனேன். என் அப்பாவைப் பெற்ற ஐயா கொண்டுவிக்க, அதான் கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர். அவரும் எந்த ஊர் என்று தேர்ந்தெடுத்தவரில்லை, கடை இருந்த ஊருக்குப் போனார். மூன்று வருடக் கணக்கு முடியாமல் திரும்ப முடியாது. அவர் மகன், என் அப்பச்சி, பிறந்த சேதி அவருக்குக் கடிதத்தில்தான் போனது. பிள்ளையை முதலில் பார்த்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததாம். பினாங்கு வீதியில் நம் ஆட்கள் தங்கிக் கடை நடத்திய அந்தக் கிட்டங்கி இன்னும் இருக்கிறது. உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. வாசல் நடையில் சற்று உட்கார்ந்தேன். அப்போதுதான் முத்து வள்ளி படத்தை அனுப்பினான். பச்சைப் புடவையில் அப்படியே உன் ஆத்தா. எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று பஸ்ஸில் போட்டு வைத்திருந்த கணக்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

கல்யாணத் தேதியை முடிவானதும் முதலில் எனக்குச் சொல். அந்த மாதம் பக்கமே போகமாட்டேன். அப்புறம், கல்யாணக் களைப்பு தீர்ந்ததும் ஒரு வாரம் ஒதுக்கி வை. எந்த ஊர் என்று கேட்காதே. தேன்குழல் டின் இந்த முறை உன் பையில்.

உன்,
லெட்சுமணன்