இசைத்தட்டை வெயிலில் காயவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி வீடுகளில் பரணேறிக் கிடக்கும் பிரெஞ்சு இசைத்தட்டுகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாக்மா என்ற பிரெஞ்சு ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 'விலைபோகாத விண்வெளி ராக்' என்று ஒரே வரியில் கழித்துக்கட்டியது ஒருபுறம் இருக்கட்டும். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயவைக்கச் சொன்னதுதான் ஆபத்து.

டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்தியான் வாந்தேரின் குழு அது. 1970-இல் பிலிப்ஸ் வெளியிட்ட இரட்டைத் தட்டு. பூமியைவிட்டுக் கிளம்பியவர்கள் கோபாயா என்ற கிரகத்தில் குடியேறும் கதை. பாடியதோ அவர்களே உருவாக்கிய மொழியில். சொல் புரியாது, முதல் பாட்டே பத்து நிமிடம், அறிமுகக் குழுவுக்கு இரண்டு தட்டு விலை. இதற்குமேல் எப்படி விற்கும்? சாக்ஸபோனும் டிரம்பெட்டும் டிரம்ஸோடு முட்டிமோதும் இடங்களைக் கேட்டவர்கள் இசையைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இனி, கழுவும் விஷயம். இந்தத் தட்டுகள் செய்யப்படும் வினைல் என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரைக்கு அது பெரிய சூடல்ல. வளைந்த தட்டில் ஊசி துள்ளும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்: ஊசி ஓடும் பள்ளத்தில் உப்பு படிந்து சடசடக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் முக்கால் பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் கால் பங்கு, லிட்டருக்கு ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். நடு லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள். சோப்பு மிஞ்சினால் ஊசி நுனியில் பசையாகத் திரளும். கூடவே கிடக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளில் மட்டும் இந்தக் கலவை படவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

சுத்தம் செய்த தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறையிலேயே திரும்பச் செருகுவது பலர் செய்வது. கடற்காற்றில் அந்தக் காகிதம் மறுபடி ஈரம் இழுக்கும். உறையை மாற்றி, தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள்.

கணினியில் ஏற்றுவோருக்கு ஒன்று: இந்த ஆல்பத்தின் நான்கு பக்கமும் சேர்ந்தால் 80 நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஒரே சிடியில் திணித்தால் கடைசிப் பாட்டின் வால் அறுபடும், இரண்டாகவே பதியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.