பாற்பல்தானே என்று விடாதீர்கள் அக்கா

எடின்பரோ

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? கிளிநொச்சியில் மழை எப்படி? இங்கே இப்போது பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

சின்னப் பிள்ளைகளின் பல்லுக்கு மூன்று வருடம் என்னத்தைப் படிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பேராதனையில் பட்டம் முடித்தபோது எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. இங்கே பல் மருத்துவத்தில் 13 சிறப்புத் துறைகள், அதில் இது ஒன்று. சம்பளத்தோடு பயிற்சி இடம் கிடைப்பது அரிது. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் காசு கட்டித்தான் படிக்கிறோம். ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். இதய நோய், புற்றுநோய், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளையும் பார்க்கப் பழக வேண்டும்.

ஆனால் முதலில் பழக்குவது பிள்ளையின் பயத்தைக் கையாள. கருவியைச் சொல்லு, காட்டு, பிறகுதான் வாயில் வை. பயத்தைத் தணிக்க மூக்கால் சிரிப்பு வாயு கொடுப்பதும் ஒரு பாடம். எனக்கு ஐந்து வயதில் பல்லுக் கழட்டிய நாள் நினைவிருக்கிறதா? ஒருவர் தலையை அமத்திப் பிடிக்க, நீங்கள் காலைப் பிடித்தீர்கள். "பாற்பல்தானே, எப்படியும் விழும்" என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் போகப் பல வருடம் எடுத்தது. உங்களில் பிழையில்லை அக்கா, அப்போது வேறு வழி எங்களுக்குத் தெரியாது.

வேறு வழி இருக்கிறது. நோர்னா ஹால் என்ற ஸ்கொட்லாந்துப் பல் மருத்துவர் செய்த முறை இது. சூத்தையான கடைவாய்ப் பாற்பல்லைத் துளைக்காமல், ஊசியும் போடாமல், மேலே ஒரு உருக்கு உறையை ஒட்டிவிடுவார். கிருமிக்கு உள்ளே சாப்பாடு கிடைக்காது, சூத்தை அப்படியே அடங்கிவிடும். டண்டீப் பக்கம் 132 பிள்ளைகளில் சோதித்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளும் பெற்றோரும் இதைத்தான் விரும்பினார்கள். பெரிய மெசின் ஒன்றும் தேவையில்லை, வன்னியில் செய்யக்கூடிய வேலை. பழகின ஆள்தான் வேண்டும். அதற்காகத்தான் நான் இந்தக் குளிரில் இருக்கிறேன்.

இங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. பக்கத்து இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆசுப்பத்திரியில் சேர்வதற்கு முதல் காரணமே சூத்தைப் பல்தான்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே முன்பள்ளிகளில் தினமும் ஆசிரியர் முன்னால் பிள்ளைகள் பல் துலக்குவார்கள். நீங்களும் உங்கள் முன்பள்ளியில் தொடங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பற்பசை மெல்லிய பூச்சுப் போதும், அதற்கு மேலே பட்டாணி அளவு. துப்ப வேண்டும், தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாது. விழுங்கவும் விடாதீர்கள். பற்பசையில் பல்லைக் காக்கும் புளோரைட் என்ற உப்பு இருக்கிறது, அது அளவு மிஞ்சக் கூடாது. வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே புளோரைட் கூட, பல்லில் மண்ணிறக் கறை வருவது அதனால்தான். இரவில் சீனி போட்ட பால் போத்தலோடு பிள்ளைகளைத் தூங்க விடவேண்டாம் என்று தாய்மாருக்கும் சொல்லுங்கள்.

உங்கள் முன்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். அத்தனை பிரஷ் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கச்சி